சந்தேகத்தின் பலன் யாருக்கு?

மர்ம நாவலை எழுதுபவருக்கும் வாசிப்பவருக்கும் இடையே எழுதப்படாத ஓர் உடன்படிக்கை உண்டு. முதல் அத்தியாயத்தில் ஒரு கொலை நிகழ வேண்டும். நடுவில் நாலைந்து பேர் மீது நமக்குச் சந்தேகம் எழ வேண்டும். கடைசி அத்தியாயத்தில் ஒருவன் பிடிபட வேண்டும். ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் காலத்திலிருந்து சுஜாதா, ராஜேஷ்குமார் வரை இந்த உடன்படிக்கை பெரும்பாலும் மீறப்படவில்லை. 1954 இல் எஸ்.பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' திரைப்படத்தில் கொலையுண்டவனைப் பற்றி ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்கிறார்கள். ஒவ்வொரு கதைக்கும் ஒவ்வொருவர் குற்றவாளியாகத் தென்படுகிறார். ஆனாலும் படம் முடியும்போது உண்மை தெரிந்துவிடுகிறது. நிம்மதியாக வீடு திரும்புகிறோம்.

உளவியல் மர்மக் கதை என்ற வகை இந்த நிம்மதியைச் சற்றுக் குலைக்கிறது. யார் செய்தார் என்பதைவிட, செய்தவரின் மனத்தில் என்ன இருந்தது என்பதும், சந்தேகப்படுபவரின் மனம் எப்படி வேலை செய்கிறது என்பதும் அங்கே முக்கியமாகின்றன. ஒருவனைப் பிடித்து ஆட்டும் வெறி, அவனைச் சுற்றியிருப்போரின் ஐயம், கடைசிவரை உறுதிப்படாத குற்றம் ஆகிய மூன்றும்தான் அதன் சரக்கு. மேலை நாடுகளில் இவ்வகை நூல்கள் இலட்சக்கணக்கில் விற்பனையாகின்றன. நமது மலையகத்தைக் களமாகக் கொண்டு இப்படி ஒரு நாவல் வரவில்லையே என்று இலக்கிய நண்பர்கள் சிலர் அவ்வப்போது ஆதங்கப்படுவதுண்டு.

என்னைக் கேட்டால், அப்படி ஒரு கதை சப்ரகமுவ மாகாணத்தில் உண்மையாகவே நடந்தது என்பேன். அதற்கு ஆசிரியர் இல்லை. கடைசி அத்தியாயமும் இன்றுவரை ஒழுங்காக எழுதப்படவில்லை. அந்தக் கதையைப் பற்றியும், அதிலிருந்து நாம் கற்றிருக்க வேண்டியதைப் பற்றியுமே இங்கு எழுத விரும்புகிறேன்.

இடம்

மலையகம் என்றதும் புலம்பெயர்ந்த வாசகர்கள் பலருக்கு நுவரெலியாவும் ஹற்றனும்தான் நினைவுக்கு வரும். இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களைக் கொண்ட சப்ரகமுவ வேறு மாதிரியானது. இங்கே தேயிலையுடன் றப்பரும் உண்டு. இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக்கல் அகழும் குழிகளும் உண்டு. பலாங்கொடை, இறக்குவானை, கஹவத்தை, எட்டியாந்தோட்டை, தெரணியகலை என்று தோட்டங்கள் சிதறிக் கிடக்கின்றன. ஒரு தோட்டத்துக்கும் அடுத்த தோட்டத்துக்கும் இடையே சிங்களக் கிராமங்கள் இருக்கின்றன. தமிழர் இங்கு சிறு சிறு தீவுகளாக வாழ்கிறார்கள்.

அச்சம் இவர்களுக்குப் புதியதல்ல. 1977 இலும், 1981 ஓகஸ்டிலும், 1983 ஜூலையிலும் இந்தத் தோட்டங்களின் லயன்கள் தாக்கப்பட்டன. 1977, 1981 ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பிறகு பல குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளுடன் வவுனியாப் பக்கம் போய்ச் சேர்ந்தன. போகாதவர்கள் இரவில் நாய் குரைத்தால் எழுந்து உட்காரும் பழக்கத்துடன் வாழ்ந்தார்கள். றப்பர் தோட்டத்தில் பால் வெட்டு விடிந்தும் விடியாத வேளையிலேயே தொடங்கிவிடும். மரங்களுக்கிடையே தனித்தனியாகப் போக வேண்டிய வேலை அது. அப்படிப் போகும் ஒரு பெண்ணின் அச்சம் எத்தகையது என்பதை விளக்கத் தேவையில்லை.

கொட்டகெத்தன

இரத்தினபுரி மாவட்டம் கஹவத்தைக்கு அருகே கொட்டகெத்தன என்றொரு சிங்களக் கிராமம் இருக்கிறது. 2008 ஆம் ஆண்டிலிருந்து சில ஆண்டுகளுக்குள் அந்தக் கிராமத்திலும் சுற்றுப்புறத்திலும் பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஒருவர் பின் ஒருவராகக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள், பலர் தனித்திருந்தவர்கள். 2012 ஜனவரி இறுதியில் ஒரு தாயும் மகளும் ஒரே இரவில் கொல்லப்பட்டு, வீட்டுக்கும் தீ வைக்கப்பட்டபோது நாடு முழுவதும் அந்தக் கிராமத்தின் பெயரைத் தெரிந்துகொண்டது. மேலதிகப் பொலிஸாரும் படையினரும் காவலுக்கு அனுப்பப்பட்டனர். விசாரணையில் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் இறங்கியது.

அப்போது நாடெங்கும் பேசப்பட்டது ஒரே கேள்விதான்: யார் அந்தக் கொலைகாரன்? பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் 'கொட்டகெத்தன கொலைகாரன்' என்று ஒருமையில் எழுதின. ஊர் மக்களும் ஒருமையில்தான் பேசினார்கள். இருட்டில் வந்து இருட்டில் மறையும் ஒருவன். தனித்திருக்கும் பெண்களைத் தேடி அலையும் வெறியன். கதை கச்சிதமாக இருந்தது.

விசாரணை காட்டிய படமோ வேறு. வெவ்வேறு கொலைகளுக்கு வெவ்வேறு ஆட்கள் கைதானார்கள். மரபணுப் பரிசோதனையின் துணையுடன் சிலர் அடையாளம் காணப்பட்டார்கள். மேல் நீதிமன்றம் மரண தண்டனை விதித்த வழக்கும் அவற்றில் உண்டு. ஒருவனைப் பிடித்ததும் முடிந்தது என்று ஊர் மூச்சுவிட்டால், சில காலத்துக்குப் பின் மற்றுமொரு சடலம். கொலைகள் அனைத்தையும் ஒரே மனிதன், ஒரே காரணத்துக்காகச் செய்தான் என்ற கதை நிற்கவில்லை.

இங்கேதான் என் முதல் கருத்தைச் சொல்ல வேண்டும். 'ஒரே பூதம்' என்ற நினைப்பு நமக்கு ஆறுதல் தருகிறது. தீமை முழுவதையும் ஓர் அந்நியனின் மீது ஏற்றிவிட்டால் நமது வீடும் நமது உறவும் நமது அயலும் சுத்தமாகிவிடுகின்றன. பல ஆட்கள், பல காரணங்கள் என்று வரும்போது நாம் நம் பக்கத்து வீட்டைப் பார்க்க வேண்டியிருக்கிறது. தனித்த பெண்களுக்கு ஏன் பாதுகாப்பில்லை, முதல் கொலையின்போதே விசாரணை ஏன் தீவிரமாகவில்லை என்றெல்லாம் கேட்க வேண்டியிருக்கிறது. அந்தக் கேள்விகளைத் தவிர்க்கவே மனம் ஒரு பூதத்தைத் தேடுகிறது.

பூதம் கிடைத்தது

தேடினால் கிடைக்காமலா போகும்? 2011 ஓகஸ்டில் கிறீஸ் பூதம் வந்தது.

உடலெங்கும் கிறீஸ் பூசிக்கொண்டு, பிடித்தால் வழுக்கி ஓடும் கள்வனைப் பற்றிய கதை இலங்கையில் பழையது. கஹவத்தைக் கொலைகள் பற்றிய பேச்சு பரவியிருந்த அந்தக் காலத்தில் அந்தப் பழைய கள்வன் புது அவதாரம் எடுத்தான். இப்போது அவன் திருட வரவில்லை. பெண்களைக் காயப்படுத்த வந்தான். சில வாரங்களுக்குள் அந்த அச்சம் சப்ரகமுவவைத் தாண்டி, ஊவாவுக்கும் மத்திய மலைநாட்டுக்கும் கிழக்குக்கும் புத்தளத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பரவியது. தமிழ்ப் பத்திரிகைகள் 'மர்ம மனிதன்' என்று எழுதின. தோட்டங்களில் ஆண்கள் கத்தி, பொல்லு ஏந்தி இரவுக் காவல் இருந்தார்கள். பெண்கள் கொழுந்து பறிக்கப் போக அஞ்சினார்கள்.

இரத்தினபுரி மாவட்டத்தின் எல்லைக்கு அப்பால், ஊவா மாகாணத்து ஹப்புத்தளையில், தோட்டமொன்றில் சந்தேகத்துக்கு ஆளான இருவரைக் கூட்டம் கொன்றுபோட்டது. புத்தளத்தில் பொதுமக்களுக்கும் பொலிஸாருக்கும் ஏற்பட்ட மோதலில் ஒரு பொலிஸ்காரர் உயிரிழந்தார். யாழ்ப்பாணம் நாவாந்துறையில் மர்ம மனிதர்களைத் துரத்திச் சென்ற மக்கள் இராணுவ முகாமின் வாசலில் போய் நின்றார்கள். அன்றிரவே ஏறத்தாழ நூறு பேர் பிடித்துச் செல்லப்பட்டு அடித்து நொறுக்கப்பட்டார்கள்.

அந்தக் கிறீஸ் பூதம் யார் என்பதற்கு இன்றுவரை எல்லோரும் ஏற்கும் விடை இல்லை. அவசரகாலச் சட்டத்தை நீக்கப்போவதாக ஜனாதிபதி அறிவித்ததும் அதே 2011 ஓகஸ்டில்தான். ஆகவே படையினரை வீதியில் வைத்திருப்பதற்கான சூழ்ச்சி இது என்று வடகிழக்கில் பலர் நம்பினார்கள். அரசாங்கம் மறுத்தது. சில இடங்களில் பெண்கள் தாக்கப்பட்டது உண்மை. சில இடங்களில் வெறும் வதந்தி. எது எது என்று பிரித்துக் காட்டும் நம்பகமான விசாரணை நடக்கவில்லை. நடந்திருந்தாலும் மக்கள் நம்பியிருப்பார்களா என்பது இன்னொரு கேள்வி.

ஹப்புத்தளையில் மாண்ட அந்த இருவரையும் எண்ணிப் பாருங்கள். அவர்கள் குற்றவாளிகளா, வழிப்போக்கர்களா என்று ஆராய எந்த நீதிமன்றத்துக்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. குற்றச்சாட்டு, சாட்சியம், தீர்ப்பு, தண்டனை யாவும் அதே இடத்தில் நிறைவேறிவிட்டன. கொட்டகெத்தனவில் கொல்லப்பட்ட பெண்களுக்காக நாம் கண்ணீர் வடிக்கிறோம், அது நியாயம். அந்தக் கொலைகள் விதைத்த சந்தேகத்தினால் கொல்லப்பட்டவர்களுக்காக எவரும் ஊர்வலம் போனதில்லை.

சந்தேகம் யாரைத் தேர்ந்தெடுக்கிறது?

சந்தேகம் குருட்டுத்தனமாகப் பாய்வதாகச் சொல்வார்கள். என் அனுபவத்தில் அதற்கு நல்ல கண் உண்டு. அது எப்போதும் ஒரே வகையான மனிதர்களையே தேர்ந்தெடுக்கிறது. ஊருக்குப் புதியவன், குடிகாரன், மனநலம் குன்றியவன், வீட்டு வேலைக்காரன், மொழி தெரியாதவன், கேள்வி கேட்க ஆளில்லாதவன் ஆகியோரே முதல் பட்டியலில் இருப்பார்கள்.

லயன் வாழ்க்கை இதற்குத் தோதானது. ஒரு காம்பராவில் பேசுவது அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். யார் எப்போது வந்தார், எப்போது போனார், யார் வீட்டில் விளக்கு எரிந்தது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அந்த நெருக்கம் துன்பத்தில் தோள் கொடுக்கும். அச்சம் புகுந்துவிட்டால் அதே நெருக்கம் ஒவ்வொருவரையும் ஒற்றனாக்கிவிடும். உளவியல் மர்மக் கதை எழுத விரும்பும் இளைஞர்கள் கொலைகாரனின் மனத்துக்குள் புகுவதற்கு முன் இந்தச் சுவர்களுக்குள் புக வேண்டும் என்பேன்.

வாக்குமூலம் என்னும் மாயை

'அவனே ஒப்புக்கொண்டுவிட்டான்' என்ற செய்தி வந்ததும் நம்மில் பெரும்பாலோர் தீர்ப்பை எழுதிவிடுகிறோம். 2015 செப்டெம்பரில் கம்பஹா மாவட்டம் கொட்டதெனியாவையில் ஒரு சிறுமி கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டாள். முதலில் பதினேழு வயதுப் பாடசாலை மாணவன் ஒருவனையும் இன்னொருவரையும் பொலிஸார் பிடித்தார்கள். மரபணு பொருந்தவில்லை. தாங்கள் தாக்கப்பட்டதாக அவர்கள் பின்னர் முறையிட்டார்கள். அடுத்து வேறொருவர் கைதானார். அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டதாகச் செய்தி வந்தது. நாடே அவரது பெயரைச் சொல்லித் தூக்கு மேடையைக் கேட்டது. அவரது மரபணுவும் பொருந்தவில்லை. இறுதியில் பொருந்தியது அவரது சகோதரனின் மரபணு. 2016 மார்ச்சில் நீர்கொழும்பு மேல் நீதிமன்றம் அந்தச் சகோதரனுக்கு மரண தண்டனை விதித்தது.

மரபணுப் பரிசோதனை இல்லாதிருந்தால் அந்த மாணவனின் கதி என்னவாகியிருக்கும்? ஒப்புக்கொண்டதாகச் சொல்லப்பட்டவரின் கதி என்னவாகியிருக்கும்?

நமது சாட்சியச் சட்டத்தை இயற்றியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. பொலிஸ் உத்தியோகத்தரிடம் அளிக்கப்படும் குற்ற ஒப்புதலை எதிரிக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று அச்சட்டத்தின் 25 ஆம் பிரிவு சொல்கிறது. 1979 இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் அந்த அரணை உடைத்து, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாதவரிடம் அளித்த ஒப்புதலைச் சாட்சியமாக ஏற்கலாம் என்றாக்கியது. அதன் விளைவை வடக்கு, கிழக்குத் தமிழரும் மலையகத் தமிழரும் பல்லாண்டுகள் அனுபவித்தார்கள். தமிழ் மட்டுமே தெரிந்தவர்கள், சிங்களத்தில் எழுதப்பட்ட தாள்களில் கையொப்பமிட்டதாக எத்தனை வழக்குகளில் முறையிட்டிருக்கிறார்கள்!

கனவானின் சந்தேகம்

சந்தேகத்தின் பலன் எதிரிக்கே உரியது என்பது சட்டத்தின் பாலபாடம். அந்தப் பலனைப் பெறுவதற்கு எவ்வளவு செலவாகும் என்பதற்கு இலங்கையின் மிகப் புகழ்பெற்ற கொலை வழக்கு ஒன்றே போதும்.

மகாதேவ சதாசிவம் இலங்கை கண்ட ஒப்பற்ற துடுப்பாட்டக்காரர்களில் ஒருவர். 1947 இல் சென்னை சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கெதிராக 215 ஓட்டங்கள் குவித்தவர். 1948 இல் பிராட்மனின் அவுஸ்திரேலிய அணி கொழும்பில் ஆடியபோது இலங்கை அணிக்குத் தலைமை தாங்கியவர். 1951 ஒக்டோபர் 9 ஆம் திகதி பம்பலப்பிட்டி சென்ற் அல்பன்ஸ் பிளேஸில் அவரது மனைவி கொல்லப்பட்டார். அந்த வீட்டில் வேலைக்குச் சேர்ந்து சில நாட்களே ஆகியிருந்த வில்லியம் என்ற பணியாள், எசமான் சொல்லித் தானும் உடந்தையாக இருந்ததாகச் சொன்னான். அவனுக்கு நிபந்தனையுடன் மன்னிப்பு வழங்கி அரச தரப்புச் சாட்சியாக்கினார்கள். சதாசிவம் எதிரிக் கூண்டில் ஏறினார்.

வழக்கு முழுவதும் ஒரு மணிக் கணக்கைச் சுற்றியே சுழன்றது. அன்று காலை சதாசிவம் டாக்சியில் வீட்டைவிட்டுப் புறப்பட்ட வேளைக்கு முன் அம்மையார் இறந்தாரா, பின் இறந்தாரா? கொழும்பு மருத்துவ பீடத்துப் பேராசிரியர் ஜி.எஸ்.டபிள்யூ. டி சேரமின் சாட்சியமும், எடின்பரோவிலிருந்து வரவழைக்கப்பட்ட பேராசிரியர் சிட்னி ஸ்மித்தின் சாட்சியமும் எதிரிக்குச் சாதகமாக அமைந்தன. கொல்வின் ஆர். டி சில்வா எதிரிக்காக வாதாடினார். ஐம்பத்தேழு நாள் விசாரணைக்குப் பின், 1953 ஜூனில் ஜூரிகள் ஏகமனதாகச் சதாசிவம் குற்றவாளி அல்லர் என்றார்கள். அதுவரை ஏறத்தாழ இருபது மாதங்கள் அவர் விளக்கமறியலில் இருந்தார்.

தீர்ப்பு சரியானது என்றே நான் நினைக்கிறேன். என்னை உறுத்துவது வேறு. எதிரி கொலைகாரன் அல்லன் என்றால், கொலையாளி வில்லியம் என்பதே அந்த வாதத்தின் உட்பொருள். ஆனால் வில்லியம் அதற்காக ஒருபோதும் விசாரிக்கப்படவில்லை. அவன் செய்தானா என்று நிரூபிக்கவும் வழியில்லை, செய்யவில்லை என்று நிரூபிக்கவும் வழியில்லை. பெயருக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறியுடனேயே அந்த ஏழை எஞ்சிய வாழ்நாளைக் கழித்தான்.

இன்னொரு தகவலையும் சொல்ல வேண்டும். இறந்த உடல் எவ்வளவு வேகத்தில் குளிர்கிறது என்பது அந்த வழக்கில் முக்கிய அம்சம். டி சேரமும் அவருடைய துணைவர்களும் இது குறித்த ஆய்வொன்றை 1955 இல் வெளியிட்டார்கள். தடயவியல் உலகில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் அந்த ஆய்வு, இங்கே தூக்கிலிடப்பட்ட கைதிகளின் உடல்களை அளந்து செய்யப்பட்டது. அந்தக் கைதிகளில் எத்தனை பேருக்கு எடின்பரோவிலிருந்து பேராசிரியர் வந்திருப்பார்?

மனத்துக்குள் இருந்தது என்ன?

சப்ரகமுவத் தோட்டத் தொழிலாளி ஒருவருக்கும் ஒருமுறை சந்தேகத்தின் பலன் கிடைத்தது. அது கொலை வழக்கு அல்ல. ஆனால் குற்றவாளியின் உள்ளம் பற்றிய கேள்வி அதைப்போல வேறெங்கும் தெளிவாக எழுந்ததில்லை.

கேகாலை மாவட்டம் நேவிஸ்மியர் தோட்டத்தைக் கிராம விஸ்தரிப்புக்கென்று அரசு எடுத்துக்கொண்டது. அங்கே தலைமுறையாக வாழ்ந்த தொழிலாளரை வெளியேறச் சொன்னது. அவர்கள் மறுத்தார்கள். 1946 இல் தொடங்கிய அந்தப் போராட்டத்தை மலையக வரலாறு உருளவள்ளிப் போராட்டம் என்று குறிப்பிடுகிறது. தத்தம் லயன் காம்பராக்களை விட்டு வெளியேறாதவர்கள் மீது குற்றவியல் அத்துமீறல் வழக்குத் தொடரப்பட்டது. காணிக்குரியவரைத் தொந்தரவு செய்யும் எண்ணத்துடன் தங்கியிருந்தார்கள் என்பதே குற்றச்சாட்டு.

வழக்கு லண்டன் பிரிவிக் கவுன்சில்வரை போனது. தான் தங்கியிருப்பது பிறருக்கு எரிச்சலூட்டும் என்று ஒருவனுக்குத் தெரிந்திருப்பது வேறு, எரிச்சலூட்டுவதற்காகவே தங்கியிருப்பது வேறு என்று அந்த மன்று பிரித்தது. தொழிலாளியின் மனத்தில் மேலோங்கி நின்ற எண்ணம் தன் இருப்பிடத்தை விடாதிருப்பதே. ஆகவே குற்றம் இல்லை என்று முடிவானது. 1950 களின் தொடக்கத்திலிருந்து இன்றுவரை குற்ற எண்ணம் பற்றிய சட்ட வாதங்களில் அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டப்படுகிறது.

ஒரு லயன் குடியிருப்பாளரின் மனத்துக்குள் எட்டிப் பார்த்து, 'இவர் கெட்ட எண்ணத்தால் இங்கே இருக்கவில்லை. இது அவர் வீடு என்பதால் இருக்கிறார்' என்று கண்டுபிடிக்க ஏழு கடல் தாண்டிப் போக வேண்டியிருந்தது. இங்கிருந்த அதிகாரிகளுக்கு அந்த மனம் தெரியவில்லை. அல்லது தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. தொழிற்சங்கம் பின்னால் நின்றதால் அந்த வழக்கு அத்தனை தூரம் போயிற்று. தனி மனிதனாக இருந்திருந்தால் கேகாலை நீதவான் நீதிமன்றத்துடன் முடிந்திருக்கும்.

செய்ய வேண்டியவை

பத்திரிகைக்காரர்களிடமிருந்தே தொடங்குகிறேன். 'சந்தேகநபர்' என்ற சொல் நமது தொழிலில் ஓர் அலங்காரமாகிவிட்டது. தலைப்பில் கொலைகாரன் என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, செய்தியின் நான்காவது பந்தியில் சந்தேகநபர் என்று சிறிய எழுத்தில் எழுதுவதால் எந்தப் பயனும் இல்லை. அவனுடைய படத்தையும் ஊரையும் சாதியையும் அவன் மனைவியின் பெயரையும் வெளியிட்ட பிறகு அவன் விடுதலையானால், அதே இடத்தில், அதே அளவில் அந்தச் செய்தியும் வர வேண்டும். விடுதலைச் செய்திகளுக்கு நமது பக்கங்களில் ஒருபோதும் இடம் இருப்பதில்லை.

அடுத்தது பொலிஸ். தமிழ் 1987 இன் பதின்மூன்றாவது திருத்தத்துடன் அரச கரும மொழியாகிவிட்டது. இருந்தும் சப்ரகமுவவில் ஒரு தோட்டப் பெண் முறைப்பாடு செய்யப் போனால், அதைத் தமிழில் எழுதிக்கொள்ள ஆள் இருப்பார் என்ற உத்தரவாதம் இல்லை. தன் மொழியில் வாசிக்க முடியாத வாக்குமூலத்தில் ஒருவர் கையொப்பமிடும் ஒவ்வொரு முறையும், பின்னால் வரப்போகும் ஒரு தவறான தீர்ப்புக்கு அத்திவாரம் போடப்படுகிறது. பூதத்தைக் கத்தியால் விரட்டப் புறப்பட்ட மக்களைக் காட்டுமிராண்டிகள் என்று ஏசுவது எளிது. பொலிஸ் நிலையம் அவர்களுக்கு உரிய மொழியில் காது கொடுத்திருந்தால் அவர்கள் கத்தியைத் தேடியிருப்பார்களா?

மரண தண்டனை பற்றியும் ஒரு வார்த்தை. 1976 க்குப் பின் இலங்கையில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. நீதிமன்றங்கள் மரண தண்டனை விதிக்கின்றன, நிறைவேற்றப்படுவதில்லை. 2019 இல் அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன நான்கு பேரைத் தூக்கிலிட முடிவுசெய்தபோது உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஒவ்வொரு கொடூரக் கொலைக்குப் பிறகும் தூக்கைத் திரும்பக் கொண்டுவா என்ற குரல் எழுகிறது. அந்தக் குரலை எழுப்பும் தாய்மாரின் வேதனையை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் கொட்டதெனியாவையில் முதலில் பிடிபட்ட மாணவனின் தாயும் ஒரு தாய்தான்.

கடைசியாக, எழுத்தாளர்களுக்கு. மலையகத்திலிருந்து உளவியல் மர்ம நாவல் வரட்டும். நானும் வாங்கி வாசிப்பேன். அந்த நாவல் கடைசி அத்தியாயத்தில் ஒரு பூதத்தைப் பிடித்துக் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இரவுக் காவலுக்குப் போன ஒருவன், தான் அடித்த மனிதன் யார் என்று தெரியாமலே மறுநாள் காலைப் பிரட்டுக்குப் போய் நிற்கிறான் என்று அது முடியலாம். அவன் இப்போது எந்தத் தோட்டத்தில் இருக்கிறான், அந்த இரவைப் பற்றித் தன் பிள்ளைகளிடம் என்ன சொல்லியிருக்கிறான் என்பதை எவராவது எழுத வேண்டும்.